விளையாட்டுக்குள் ஒரு கூத்துக்களம்

வட்டவளை, இலங்கையில் மழை மிகுந்த ஊர்களுள் ஒன்று. தென்மேல் பருவக்காற்று வீசத் தொடங்கினால் மலையும் தெரியாது, தேயிலையும் தெரியாது. அந்நாள்களில் லயத்து இஸ்தோப்பில் ஒதுங்கியிருக்கும் இளைஞர் கையில் இன்று காணப்படுவது கைத்தொலைபேசி. அதனுள் நிகழ்வது விளையாட்டு. பொழுது வீணே கழிகின்றதே என்று பெற்றோர் வருந்துகின்றனர். அவ்வருத்தம் பொருளற்றதன்று. ஆயினும், அவ்விளையாட்டுக்குள்ளேயே குறும்படம் இயற்றும் கலையொன்று உலகில் வளர்ந்திருக்கின்றது என்பதையும், அதற்கெனப் போட்டிகள் நடந்திருக்கின்றன என்பதையும் நாம் அறிதல் வேண்டும்.

இக்கலையை மெசினிமா என்பர். இயந்திரம், சினிமா என்னும் இரண்டையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் கூடிப் பிறந்த பெயர் இது. முறை எளிது. விளையாடுவோர் தத்தம் பாத்திரங்களை நடத்துவர். அவருள் ஒருவருடைய பாத்திரத்தின் கண்ணே கமராவாக அமையும். அதில் தோன்றுவதைப் பதிந்து, பின்னர்க் குரலும் இசையும் சேர்ப்பர். தோற்பாவைக் கூத்தை அறிந்த தமிழர்க்கு இது முற்றும் புதிதன்று. அங்கே தோலும் கோலும். இங்கே ஒளியும் பொத்தானும். திரைக்குப் பின்னிருந்து இயக்கும் சூத்திரதாரி ஈரிடத்தும் உளன்.

1996 ஆம் ஆண்டிலே ‘குவேக்’ என்னும் சுடுபோர் விளையாட்டில் ஒரு குழுவினர் இயற்றிய ‘டயறி ஒவ் எ கேம்பர்’ இவ்வகையின் முன்னோடி. இரண்டு நிமிடமும் நீளாத அப்படத்தில் குரல் இல்லை. உரையாடல் எழுத்தாகவே தோன்றிற்று. 2003 இல் ‘ஹேலோ’ விளையாட்டைக் களமாகக் கொண்டு தோன்றிய ‘ரெட் வேர்சஸ் புளூ’ தொடர் 2024 வரை நீடித்தது. அதன் மாந்தர் முகமே தெரியாத கவசவீரர். தலையசைப்பினாலேயே பேசுவோன் இன்னான் எனக் காட்டினர். கொல்வதற்கென அமைத்த களத்திலே நகைச்சுவை பிறந்தது. 2011 இலிருந்து 2017 வரை வால்வ் நிறுவனம் ‘சாக்சி’ என்னும் பெயரில் ஆண்டுதோறும் போட்டி நடத்தி, விளையாடுவோர் தாமே ஆக்கிய குறும்படங்களுக்குப் பரிசளித்தது.

இவையெல்லாம் மேனாட்டார் பொழுதுபோக்கு, மலையகத்துக்கு இவற்றால் ஆவது என்னை என வினவலாம். விடை தொலைவில் இல்லை. ஹற்றனிலிருந்து கொழும்புக்கு இறங்கும் வீதியிலே கித்துல்கலை இருக்கின்றது. டேவிட் லீன் இயக்கிய ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படத்துக்காக, அங்கே களனி கங்கையின் குறுக்கே மெய்யாகவே ஒரு பாலம் கட்டினர். அதன்மேல் புகைவண்டியை ஓட்டி, 1957 இல் வெடிவைத்துத் தகர்த்தனர். அப்படம் காட்டுவது, இரண்டாம் உலகப்போரில் யப்பானியர் அமைத்த சயாம் – பர்மா இருப்புப்பாதையைப் பற்றிய கதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அப்பாதையிலே மாண்டனர். படமோ பிரித்தானியப் போர்க்கைதிகளைப் பற்றியது. தமிழர்க்கு அதில் இடமில்லை. பாலம் நம் மலையடிவாரத்தில் எழுந்தது. நம்மவர் துயரம் அதில் ஏறவில்லை. கமரா எவர் கையிலோ, கதையும் அவர் கையிலேயே.

அந்நிலையை இப்புதுக்கலை சிறிதேனும் மாற்ற வல்லது. 2005 ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் புறத்தே, பொலிசாருக்கு அஞ்சி மின்நிலையமொன்றில் ஒளித்த இளைஞர் இருவர் மின்தாக்கி இறந்தனர். பிரான்சு எங்கும் கலவரம் மூண்டது. செய்தித்தாள்கள் அப்புறநகர் இளைஞரைப் பற்றி எழுதின. அவ்விளைஞர் பேச்சு உலகின் செவிக்கு எட்டவில்லை. அப்போது, திரைத்தொழில் பயிலாதவராகிய அலெக்ஸ் சான் என்பவர், ‘த மூவிஸ்’ என்னும் விளையாட்டைக் கொண்டு சில நாள்களுள் ‘த பிரெஞ்ச் டிமொக்கிரசி’ என்னும் பதின்மூன்று நிமிடப் படத்தை ஆக்கினார். அவ்விளையாட்டிலே பாரிஸ் இல்லை. அமெரிக்க நகர்த் தோற்றங்களே இருந்தன. ஆயினும் காட்சியின் பொய்ம்மையைக் கதையின் மெய்ம்மை வென்றது. கடல் கடந்தும் அப்படத்தைப் பற்றிப் பேசினர்.

கிடைத்த களத்தில் கூத்தாடுவது மலையகத்தார்க்குப் பழக்கமானதே. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடரங்குக்கு நீளம் எட்டுக்கோல், அகலம் ஏழுகோல், உயரம் ஒருகோல் என அளவு வகுக்கும். தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் அத்தகைய அரங்கு ஒன்றையும் பெற்றாரல்லர். லயத்து முற்றத்திலே கம்பம் நட்டுக் காமன் கூத்து ஆடினர். அருச்சுனன் தபசு ஆடினர். பகலெல்லாம் கொழுந்துக்கூடை சுமந்தவர் இரவிலே இரதியின் புலம்பலைக் கேட்டுக் கண்ணீர் விட்டனர். முற்றம் கம்பனிக்கு உரியது. கூத்து அவர்க்கே உரியது.

ஆகவே மலையகப் பாடசாலைகளும் வாசிகசாலைகளும் இத்தகைய போட்டியொன்றை நடத்த முன்வருதல் வேண்டும். ‘மைன்கிராப்ட்’ போன்ற விளையாட்டிலே கட்டைகளை அடுக்கி லயத்தையும் கொழுந்து மடுவத்தையும் பீலிக்கரையையும் நம் பிள்ளைகள் எழுப்ப இயலும். மண்சரிவில் போன வீட்டையும் மீட்டுக் கட்ட இயலும். ஐந்து நிமிடத்துக்கு மேற்படாத படம். மாந்தர் பேசுவது தோட்டத்துத் தமிழ். கதை பாட்டன் பாட்டியிடம் கேட்டறிந்தது: விதிகள் இவ்வளவே போதும். நடுவர் படத்தின் பளபளப்பை நோக்காது, சொல்லின் உண்மையை நோக்குவாராக. பெண்பிள்ளைகளின் கையிலும் கருவி சேர்வதாக.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. விளையாட்டு, அதனை ஆக்கிய நிறுவனத்தின் உடைமை. 2019 ஜனவரியில், இக்கலையின் பெயரையே தாங்கிய நிறுவனமொன்று யூடியூப்பில் வைத்திருந்த தன் படங்கள் அனைத்தையும் பொதுமக்கள் பார்வையிலிருந்து மறைத்துவிட்டது. பல்லாண்டு உழைப்பு ஒரு நாளிலே காணாமற் போயிற்று. பிறர் மண்ணில் உழைத்து உரிமையின்றி வாழ்வது இன்னதென மலையகத்தார்க்கு விளக்கவேண்டுவதில்லை. எனவே ஆக்கிய படத்தின் படியொன்றை ஆக்கியோரும், மற்றொன்றைப் பாடசாலையும் பேணிக் காத்தல் வேண்டும்.

களம் கடனாகலாம், கதை கடனாகலாகாது.