குலமுறை கிளத்தும் படலம்

சனகன் அவையில் இராமபிரானின் குலமுறையை விசுவாமித்திரர் வாயிலாகக் கம்பர் கிளத்த வைத்தார். வில்லை வளைக்கப் புகும் இளைஞன் யார் என்று அவையோர் அறிய வேண்டியிருந்தது. ஆகவே அப்படலம் அங்கே பொருந்திற்று. நம் மும்பைத் தமிழரிடையேயும் அப்படலம் விழா மலர்கள்தோறும் அச்சேறி வருகின்றது. வளைக்க வேண்டிய வில்லைத்தான் எதிரே காணோம்!

திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் தென்காசிப் பக்கத்திலிருந்தும் வந்து தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய குடும்பங்கள் பல. பொருள் சற்றுச் சேர்ந்ததும் அவற்றுள் சில தத்தம் வமிசாவளியை எழுதத் தலைப்படுகின்றன. எழுதட்டும். பாட்டன் பெயரை மறவாதிருப்பது நற்குணமே. ஆயின் அவ்வமிசாவளி எவ்வாறு தொடங்குகிறது என்று நோக்குக. "எம் முன்னோரே இவ்வூரைத் தோற்றுவித்தவர்" என்றோ, "யாம் ஆண்ட பரம்பரை" என்றோதான் தொடங்குகிறது. ஓர் ஊருக்கு இத்தனை பேர் தனித்தனியே கால்கோள் செய்திருந்தால் அவ்வூரில் உழுதவன் யார்? குளம் வெட்டியவன் யார்? செத்த மாட்டைத் தூக்கியவன் யார்? அவர்தம் வழித்தோன்றல் ஒருவர்கூட மும்பைக்கு இரயிலேறவில்லையா?

ஊரைத் தோற்றுவித்தவர் இன்னார் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க ஊர்கள் தெற்கே சிலவே. அவற்றுள் தென்காசி ஒன்று. அரிகேசரி பராக்கிரம பாண்டியர் சிற்றாற்றங்கரையில் 1446-ஆம் ஆண்டு காசி விசுவநாதர் கோயிலை எழுப்பத் தொடங்கினார். காசிக்கு நடந்து செல்வோர் வழியிலேயே மாண்டு போவதால் இங்கேயே கோயில் எடுக்குமாறு இறைவன் கனவில் பணித்தான் என்பது தலக்கதை. கனவு நமக்கு வேண்டா, கல்லைப் பார்ப்போம். அப்பாண்டியர் கல்லில் வெட்டுவித்த பாடல்களில் ஒன்று, பிற்காலத்தில் இக்கோயிலுக்கு ஊறு நேர்ந்து, அதனைச் செப்பனிட்டுக் காப்பவர் எவராயினும் அவர் அடியில் தாம் இப்போதே வீழ்ந்து வணங்குவதாகச் சொல்கிறது. சிந்தித்துப் பாருங்கள். முடிசூடிய மன்னர், இன்னும் பிறவாத ஒருவரை, குலம் இன்னதென்று அறியாத ஒருவரை வணங்குகிறார். "என் மரபில் வந்தவர்க்கே முதல் மரியாதை" என்று அவர் வெட்டுவிக்கவில்லை.

அவர் எண்ணியவாறே நடந்தது. அவர் தொடங்கிய கோபுரத்தை அவருக்குப் பின் வந்த குலசேகர பாண்டியர் முடித்தார் என்பர். பின்னர் அது சிதைந்து நெடுங்காலம் பாழ்பட்டுக் கிடந்தது. 1990-இல்தான் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது. அதனை எழுப்பியோர் அரச மரபினரா? பாண்டியர் அரசு பதினேழாம் நூற்றாண்டிலேயே மறைந்து போயிற்று. நைடதம் பாடிய அதிவீரராம பாண்டியரும் அம்மரபினரே. அத்தகைய மரபே சுவடின்றி மறைந்திருக்க, இங்கே ஈரறை வீட்டில் இருந்துகொண்டு அதன் நேர் வாரிசு என்று நாம் மலரில் அச்சிடுகின்றோம்.

வமிசாவளிகள் எழுந்த காரணத்தையும் ஒருவாறு அறியலாம். கர்னல் காலின் மெக்கன்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாட்டுப் பாளையக்காரர்களின் வமிசாவளிகளைத் திரட்டினார். அத்தொகுப்பின் ஒரு பகுதி இன்றும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளது. அக்காலம், பாளையங்களைக் கும்பினியார் அடக்கி, எஞ்சியவற்றுக்கு ஜமீன் உரிமையை நிலைநாட்டிக்கொண்டிருந்த காலம். அந்நிலையில் முன்னோர் பெருமை ஒரு சொத்துப் பத்திரமாகவும் பயன்பட்டது. அவற்றுள் வரலாறு இல்லை என்பது என் கருத்தன்று. கேட்பவர் யார் என்பதை எழுதியவர் நன்கறிந்திருந்தார் என்பதே. நம்மை இன்று கேட்பவர் யார்?

கேட்பவர் உண்டு. தாராவிச் சீரமைப்புக்காக 2024-ஆம் ஆண்டு முதல் வீடுதோறும் கணக்கெடுக்க வந்தவர்கள் கேட்டார்கள். 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததாகச் சான்று காட்டுவோர்க்குத் தாராவியிலேயே விலையின்றி வீடு. அதற்குப் பின் வந்தோர்க்கும் மேல்தளத்தில் வாழ்வோர்க்கும் வெளியே, விலைக்கோ வாடகைக்கோ என்பது விதி. அவர்கள் முன்னே பாண்டியர் வமிசாவளியை நீட்டிப் பயனில்லை. பழைய ரேஷன் கார்டு, மின்கட்டண ரசீது, பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் பட்டியலில் ஒரு வரி: இவையே அங்கே குலமுறை கிளத்தும். கோப்புகளுக்கிடையே ஆண்டுகள் பல கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெயரில் ஓரெழுத்துப் பிழைபட்ட ரசீதும் ஒரு குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் அலைக்கழிக்கும். ஏழு தலைமுறைப் பெயரை மனப்பாடமாகச் சொல்லும் வீட்டில், தந்தை தாராவியில் குடிசை போட்ட ஆண்டு இன்னதெனச் சொல்லும் ஒரு துண்டுத் தாள் இல்லை!

இதைவிட வியப்பு ஒன்றுண்டு. ஊரைத் தோற்றுவித்தவர் என்ற பெயர் நமக்கு உண்மையிலேயே உரியதாகும் இடம் தாராவிதான். மீனவர் சிற்றூரும் சதுப்பும் கழியுமாய்க் கிடந்த அந்நிலத்தில், சௌராட்டிரத்துக் குயவர் ஒருபால் சூளை வைக்க, தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் தோல் பதனிட்டார்கள். குப்பையும் மண்ணும் கொட்டிச் சேற்றை மேடாக்கி அதன்மேல் குடியேறினார்கள். பெரிய மசூதி 1887-லும் கணேசர் கோயில் 1913-லும் எழுந்தன. 1924-இல் அங்கே முதலில் தோன்றிய பள்ளி தமிழ்ப் பள்ளி என்பர். இவற்றை எடுத்தோர் பெயர்கள் எந்த வமிசாவளியில் உள்ளன? தோல் ஊறிய தொட்டியில் நின்ற பாட்டனைச் சொல்ல நாணி, யானைமேல் சென்றதாகக் கருதும் பாட்டனைச் சொல்கின்றோம். மாதுங்காவிலும் செம்பூரிலும் உள்ள நம்மவரோ, தாராவி என்ற பெயரையே வமிசாவளியிலிருந்து நீக்கிவிட்டு, ஊரிலிருந்து நேரே அடுக்குமாடியில் வந்திறங்கியதுபோல் எழுதுகின்றனர்.

பெண்டிரைப் பற்றியும் ஒரு சொல். அச்சேறும் வமிசாவளிகளில் தந்தைக்கு மகன், மகனுக்கு மகன் என்று ஆண்பெயர்களே படிக்கட்டுப்போல் இறங்குகின்றன. ஈன்றவள் எந்த ஊரினள், அவள் பெயர் என்ன என்பதற்கு இடமில்லை. இரவு இரண்டு மணிக்குக் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்தவள் அவள். இட்டிலி அவித்துத் தெருத்தெருவாக விற்றுப் பிள்ளையைப் படிக்க வைத்தவளும் அவளே. பரம்பரை ஆண்டதாகவே கொள்வோம். அடுப்பு எரிந்தது அவளால் அன்றோ?

சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மலரில் வமிசாவளிக்கென ஒதுக்கும் பக்கங்களில், குடும்பம் ஒன்றுக்கு மூன்றே வினாக்களைக் கேட்டு அச்சிடுங்கள்: மும்பைக்கு முதலில் வந்தவர் யார், எந்த ஆண்டு, எந்தச் சந்தில் தங்கினார், அவருடன் வந்த அல்லது பின்னர் வந்த பெண்ணின் பெயர் யாது, அவர் குடியிருந்தமைக்கு எந்தத் தாள் எஞ்சியுள்ளது. தாள் இருப்பின் அதனைப் படமெடுத்து இரண்டு படிகள் சங்க அலுவலகத்தில் வைக்கச் செய்யுங்கள். தாராவியில் எழுபதைக் கடந்தோர் இன்னும் சிலர் உள்ளனர். அவர்களிடம் இவ்வாண்டே செல்லுதல் வேண்டும்.