பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது?

1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது முதுகுத்தண்டில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார் எஸ். ராமகிருஷ்ணன். அவர் 1981இல் சொந்த ஊரான ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தென்காசி அருகே உள்ள அந்தச் சிற்றூரில் இன்று சிறப்புப் பள்ளி, பிசியோதெரபி, தொழிற்பயிற்சி எல்லாம் கிடைக்கின்றன. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது மிகப் பொருத்தம்.

இத்தகைய அமைப்புகள் ஊருக்கு ஊர் வேண்டும். ஆனால் புதிதாகத் தொடங்குவோர், சக்கர நாற்காலியோடு அதைத் தள்ளும் கைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் வளர்ந்த மகனுக்குப் புண் வராமலிருக்க, இரண்டு மணிக்கொரு தரம் அவனைப் புரட்டிப் படுக்கவைக்கிறாள் தாய். அவளுக்கு இடுப்புவலி, இரவுத் தூக்கமில்லை, சொந்தத் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போக முடிவதில்லை. ‘என் காலத்துக்குப் பிறகு இவனுக்கு யார்?’ என்ற கவலை வேறு. பெரும்பாலும் பெண்களே சுமக்கும் இந்த உழைப்புக்குச் சம்பளம் கிடையாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தருவதைப் பற்றி 24ஆம் பிரிவில் பேசுகிறது. அந்தத் தொகை எல்லா மாநிலங்களிலும் மாதந்தோறும் தவறாமல் கைக்கு வர வேண்டும். தொண்டமைப்புகள் தங்கள் பங்குக்கு, மாதத்தில் இரண்டு நாளாவது பிள்ளையை நம்பி விட்டுச்செல்ல ஓர் இடமும் பழகிய ஆளும் ஏற்பாடு செய்யட்டும்.