சோகத்தைப் படமாக்க எத்தனை வருஷம் காத்திருக்கணும்? கிறைஸ்ட்சர்ச் சொல்லும் பாடம்

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், தொழுகைக்குக் கூடியிருந்தவர்கள் மீது இரண்டு மசூதிகளில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். 51 பேர் உயிரிழந்தனர்.

2021 ஜூனில் ‘தே ஆர் அஸ்’ என்ற படம் அறிவிக்கப்பட்டது. ஜூலையிலேயே அந்தத் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது என்பது மட்டுமா காரணம்?

கோபம் எதனால்?

கதையின் மையம், அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன். அந்த வேடத்தில் ரோஸ் பைர்ன் நடிப்பார் என்றார்கள். உயிர்களை இழந்தது நாங்கள், கதை மட்டும் இன்னொருவருடையதா என்று கொதித்தார்கள் நியூசிலாந்து முஸ்லிம்கள். படத்தை நிறுத்தச் சொல்லிப் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டனர். ஒரு தயாரிப்பாளர் மன்னிப்பு கேட்டு விலகினார். சொல்லப்பட வேண்டிய கதைகளில் தன்னுடையது ஒன்றல்ல என்று ஆர்டெர்னே சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் உண்டு. கொலையாளி அந்தத் தாக்குதலை ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டியிருந்தான். அந்த வீடியோவை வைத்திருப்பதே நியூசிலாந்தில் குற்றம். தங்கள் வீட்டு மரணம் ஏற்கெனவே ‘காட்சி’யாகிப் பரவியதைப் பார்த்தவர்களிடம், மறுபடியும் ஒரு காட்சியா?

அப்போ, எத்தனை வருஷம் போதும்?

காலண்டரில் இதற்கு விடை இல்லை. 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்டு, பென்சில்வேனியாவில் விழுந்த விமானத்தைப் பற்றிய ‘யுனைடெட் 93’, ஐந்தே வருஷத்தில் வந்தது. இயக்குநர் பால் கிரீன்கிராஸ் குழு, பலியான 40 பேரின் குடும்பங்களிடம் முதலிலேயே பேசியது. நார்வேயின் உட்டோயா தீவில் 2011-ல் 69 பேர் கொல்லப்பட்டதை எரிக் போப்பே 2018-ல் படமாக்கினார். உயிர் தப்பியவர்களிடம் பேசி எழுதப்பட்ட கதை அது. கொலையாளி தூரத்து நிழலாக மட்டுமே தெரிவான்.

படமே வேண்டாமா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. யாரும் பேசாவிட்டால் மறதி வந்துவிடும். ‘மறக்காதீங்க’ என்று கேட்பவர்களும் அதே குடும்பங்களில் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் அம்மாவுக்கு வேண்டாம், மகனுக்கு வேண்டும் என்றிருக்கலாம். எல்லோரும் தலையாட்டும் நாள் வரப்போவதில்லை.

அதனால்தான் ‘எப்போது’ என்பதைவிட ‘யாரைக் கேட்டீர்கள், யாரை நடுவில் வைத்தீர்கள்’ என்ற கேள்விகள் முக்கியம். கிறைஸ்ட்சர்ச் படம் பத்து வருஷம் கழித்து, அதே கதையோடு வந்திருந்தாலும் வலித்திருக்கும்.

டிரெய்லர் கவனம்

குடும்பங்களைக் கலந்து எடுத்த ‘யுனைடெட் 93’கூட ஓரிடத்தில் சறுக்கியது. வேறு படம் பார்க்க வந்தவர்கள் முன் டிரெய்லர் திடீரென ஓட, ரசிகர்கள் கலங்கிப்போனார்கள். மன்ஹாட்டன் தியேட்டர் ஒன்று டிரெய்லரையே நிறுத்தியது. டிக்கெட் வாங்குபவர் மனதைத் தயார் செய்துகொண்டு வருகிறார். டிரெய்லர் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. இன்று அது ரீல்ஸாக, தானே ஓடும் வீடியோவாகக் கைக்கே வருகிறது. பறிகொடுத்தவர் கையிலும் ஒரு ஃபோன் இருக்கிறது.

கருத்துச் சுதந்திரம் இயக்குநருக்கு உண்டு, சந்தேகமில்லை. ஆனால் போஸ்டர் வெளியாகும் முன் அந்த வீடுகளின் கதவைத் தட்ட வேண்டும். தங்கள் வீட்டுச் சாவு படமாகப் போவதை அவர்கள் நியூஸ் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.