கடலூர்ப் பிள்ளைகளுக்குச் சம்பளம் வேண்டும்

2018இல் கட்டாக்கில் மணிப்பூரை வீழ்த்தித் தமிழகப் பெண்கள் முதன்முறையாகத் தேசியக் கால்பந்துக் கோப்பையை வென்றார்கள். எங்கள் கடலூர் இந்துமதி கதிரேசன் அதில் ஆடினார். மறு ஆண்டு இந்திய மகளிர் லீக்கை வென்ற மதுரை சேது எஃப்.சி.யிலும் அவர் இருந்தார். கடலூரின் இந்திரா காந்தி அகாடமியும் அந்த லீக்கில் ஆடிய அணிதான்.

என் அண்ணன் மகள் சிதம்பரத்திலிருந்து முதல் பஸ் பிடித்துப் பயிற்சிக்கு வருகிறாள். பிய்ந்த ஷூ அடியை நைலான் நூலால் தைத்துப் போட்டிருக்கிறாள். பிளஸ் டூ முடிந்ததும் ஆட்டத்தை விடச் சொல்கிறார்கள் வீட்டில். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பந்து சோறு போடாதே!

கோப்பை வந்தால் சால்வை போர்த்துகிறோம். மாதச் சம்பளம் யார் தருவது? நெய்வேலி நிலக்கரி நிறுவனமும் சிப்காட் ஆலைகளும் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பங்கை இந்தப் பெண்களின் சம்பளத்துக்கு ஒதுக்கட்டும், இந்த ஆண்டே.