ஒரு பக்கம் திறக்க 101 க்வெரியா?

வெப் டெவலப்பர் இன்டர்வியூவில் ‘இண்டெக்ஸ் என்றால் என்ன?’ எனக் கேட்டால், இப்போ ஏஐ-யே பதிலை எடுத்துக்கொடுத்துடும். இந்தத் தலைவலியால்தான், ஒரு சுற்றாவது நேரில் நடத்தப்போவதாக 2025-ல் சொன்னார் கூகுள் சிஇஓ சுந்தர் பிச்சை.

சரி, நேரில் கூப்பிட்டும் அதே மனப்பாடக் கேள்விதானா? 100 ஆர்டர்களைக் காட்டும் பக்கம் ஏன் திணறுதுனு கேட்கலாமே! பட்டியலுக்கு ஒரு க்வெரி, ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரை எடுக்க இன்னொன்று. ஆக, 101 முறை டேட்டாபேஸ் கதவைத் தட்டியாச்சு. ‘ஜாயின்’ போட்டா ஒரே க்வெரி. லேப்டாப்பில் பத்து ஆர்டரை வெச்சு டெஸ்ட் பண்றப்போ இந்த வித்தியாசம் தெரியாது. தீபாவளி ஆஃபர் கூட்டத்துலதான் சைட் படுத்துக்கும். அப்போ க்வெரி லாகைத் திறந்து எண்ணிப் பார்க்கத் தெரிஞ்ச ஃப்ரெஷரைத்தான், டெஃபனிஷன் சொல்லத் திக்கினார்னு முதல் சுற்றிலேயே அனுப்பிடுறாங்க.