துவக்கு கொடுத்தால் போதுமா? ஓடும் இலக்கைச் சுடக் கற்பிப்பது யார்?

2025 மார்ச் 15 ஆம் திகதி காலை 8 மணி தொடக்கம் 8.05 வரை, ஐந்தே ஐந்து நிமிடங்கள், நாடெங்கும் மக்கள் தத்தமது வளவிலும் தோட்டத்திலும் நின்று குரங்கு, மந்தி, மர அணில், மயில் என்பவற்றை எண்ணி எழுதிக் கொடுத்தனர். பயிர்ச்சேதத்தின் அளவை அறிவதற்காக அரசாங்கம் செய்த இந்தக் கணக்கெடுப்பைப் பற்றி விலங்கியல் அறிஞர்கள் பலர் முகம் சுளித்தனர். அது ஒருபுறமிருக்க, கிழக்கின் நெற்செய்கையாளரை நித்திரை கொள்ள விடாமல் செய்யும் காட்டுப்பன்றியும் யானையும் காலை எட்டு மணிக் கணக்கில் அகப்படக்கூடியவையல்ல. அவை வருவது இரவில். அவற்றுக்கு எதிராக விவசாயிகளிடமிருந்து எழுகின்ற கோரிக்கையும் மிகப் பழையது: ‘எங்களுக்குத் துவக்கு தாருங்கள்.’

இக்கோரிக்கையில் நியாயமில்லை என்று நாம் கூறமாட்டோம். ஆனால் துவக்கைக் கொடுப்பதைப் பற்றிப் பேசுகின்றவர்கள், அதனால் ஓடுகின்ற ஒரு விலங்கைச் சுடுவதற்கு யார் எங்கே கற்றுக்கொடுக்கப் போகின்றார்கள் என்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதனையே நாம் இங்கு கேட்க விரும்புகின்றோம்.

திருகோணமலை மாவட்டத்தில் கிளிவெட்டியை எடுத்துக்கொள்வோம். மூதூருக்குத் தெற்கே, மட்டக்களப்பு வீதியை அண்டிய வயற்பிரதேசம் அது. மேன்காமம், கங்குவேலி ஆகிய தமிழ்க் கிராமங்களும், தோப்பூர், மூதூர் முஸ்லிம் மக்களின் காணிகளும், சேருவில பக்கத்துச் சிங்களக் குடியேற்றங்களும் வாய்க்காலும் வரம்புமாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஒருவருடைய காவற்குடிலிலிருந்து இன்னொருவருடைய காவற்குடிலின் விளக்கு தெரியும். கதிர் முற்றும் காலத்தில் பன்றிக்கூட்டம் ஒரு வயலில் இறங்கினால் அடுத்து எந்த வயலுக்கு ஓடும் என்று எவராலும் சொல்ல இயலாது. அதற்குக் காணியின் சொந்தக்காரர் யார், அவர் எந்த மதத்தவர் என்பது தெரியாது. சொட்கன் எனப்படும் வேட்டைத் துவக்கிலிருந்து பறக்கும் ஈயக்குண்டுக்கும் அது தெரியாது.

இங்கேதான் சிறிது கணக்குப் பார்க்க வேண்டியிருக்கின்றது. அச்சமுற்று ஓடும் காட்டுப்பன்றி மணிக்கு 40 கிலோ மீற்றர் வேகத்தில் ஓடக்கூடியது. அதாவது ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 11 மீற்றர். துவக்கிலிருந்து புறப்படும் குண்டுகள் செக்கனுக்கு 400 மீற்றர் அளவான வேகத்தில் வெளியேறினாலும் காற்றில் விரைந்து வேகம் இழப்பவை. 30 மீற்றருக்கு அப்பால் குறுக்கே ஓடும் பன்றியை அவை சென்றடைவதற்குள் அது ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரம் நகர்ந்துவிடும். ஆகவே பன்றியின் உடலுக்கு நேரே குறிவைத்துச் சுடுகின்றவர், அதன் பின்னால் உள்ள வெற்றிடத்தையே சுடுகின்றார். கொஞ்சம் அதிர்ஷ்டமிருந்தால் பின்னங்காலிலோ வயிற்றிலோ இரண்டு குண்டுகள் படும். அது அதிர்ஷ்டம்தானா என்பது வேறு கதை. வயிறு கிழிந்த பன்றி பற்றைக்குள் போய்க் கிடக்கும். மறுநாள் காலை புல்லறுக்கப் போகின்ற பெண்ணோ மாடு தேடிப் போகின்ற சிறுவனோ அதன் முன்னால் போய் நிற்கக்கூடும்.

தவறிய குண்டுகளும் வயலோடு நின்றுவிடுவதில்லை. பறவைகளுக்கான சிறிய குண்டுகளே 200 மீற்றரைக் கடந்து செல்லும். பன்றிக்கென விவசாயிகள் விரும்பும் பெரிய குண்டுத் தோட்டாவின் குண்டுகள் அதனிலும் வெகுதூரம் செல்வன. சமதரையான வயல்வெளியில் அவற்றைத் தடுக்க மண்மேடு ஏதும் கிடையாது. அடுத்த குடிலின் விளக்கு மட்டுமே உண்டு.

ஓடும் இலக்கைச் சுடுவது பிறவியிலேயே வரும் திறமை என்று கருதுகின்றவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அவ்வாறன்று. அது நீச்சலைப்போல, வாகனம் ஓட்டுவதைப்போல, படிப்படியாகக் கற்கப்படுவது, கற்காவிட்டால் வராதது. முதற்பாடத்தில் தோட்டாவே தேவையில்லை. வெறுந்துவக்கைத் தோளிலும் கன்னத்திலும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பொருந்துமாறு தூக்கிப் பழக வேண்டும். கன்னம் சற்றே விலகினால் சுடுபவரின் கண் பார்க்கும் திசையும் குழல் பார்க்கும் திசையும் வேறாகிவிடும். அடுத்ததாக, பெரிய காகிதத்தை நட்டுவைத்து அளந்த தூரத்தில் சுட்டு, குண்டுகள் எவ்வாறு பரவுகின்றன என்பதைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும். 36 மீற்றரில் 75 சென்ரி மீற்றர் விட்டமுள்ள வட்டத்துக்குள் எத்தனை குண்டுகள் விழுந்தன என்று எண்ணுவது இத்துறையில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். தன் துவக்கு எந்தத் தூரத்துக்கு அப்பால் பயனற்றது என்பதை விவசாயி அறிந்துகொள்ளும் இடம் அதுதான். அதற்கு அப்பால் சுடக்கூடாது என்ற கட்டுப்பாடு அப்போது தானாகவே வரும்.

அதன்பின்னரே பறக்கும் தட்டு. முதலில் சுடுபவரிடமிருந்து நேரே விலகிச் செல்லும் தட்டு, பிறகு சாய்வாகச் செல்வது, கடைசியில் குறுக்கே செல்வது. இரு கண்களும் திறந்திருக்க வேண்டும். பார்வை குழலின் முனையில் அல்ல, இலக்கில் இருக்க வேண்டும். குழல் இலக்கின் பின்னிருந்து வந்து அதனைக் கடந்து முன்னே செல்லும்போது விசை அழுத்தப்பட வேண்டும். அழுத்திய பின்னரும் குழல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். புதிதாகக் கற்பவர் எல்லோரும் செய்யும் பிழை, விசையை அழுத்தும் கணத்தில் குழலை நிறுத்திவிடுவது. அந்தக் கணத்தில்தான் மேலே சொன்ன ஒரு மீற்றர் தவறிவிடுகின்றது. இதனை வாயால் ஆயிரம் முறை சொன்னாலும் புரியாது. நூறு தட்டுகளைத் தவறவிட்ட கைக்கு மாத்திரமே புரியும்.

இத்தட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கு நாடுகளில் பெட்டியில் அடைத்த புறாக்களைத் திறந்துவிட்டே சுட்டுப் பழகினர். பின்பு கண்ணாடி உருண்டைகள் வந்தன. 1880 அளவில் அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜோர்ஜ் லிகோவ்ஸ்கி களிமண் தட்டை உருவாக்கினார். பிரித்தானியா 1921 இல் அடைத்த பறவைகளைச் சுடுவதைச் சட்டத்தால் தடைசெய்தது. உயிருள்ள ஒன்றைப் பயிற்சிக்கான குறியாக வைப்பதை நபிகள் நாயகம் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டித்துள்ளார்கள் என்பதை நமது முஸ்லிம் வாசகர்கள் நன்கறிவர். வெருகலில் வேலாயுதரை வழிபடுகின்ற தமிழ் விவசாயிக்கும் மயிலின் மீது துவக்கை நீட்டக் கை கூசும். எனவே களிமண் தட்டு நம் இரு சமூகத்தாருக்கும் ஒவ்வாத பொருளன்று.

இக்கலை மேற்கத்தேயருக்கு மட்டும் உரியதுமல்ல. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இரட்டைத் தட்டுப் போட்டியில் ஐக்கிய அரபு இராச்சியத்தின் அஹமத் அல் மக்தூம் தங்கமும் இந்தியாவின் ராஜ்யவர்தன் சிங் ரத்தோர் வெள்ளியும் வென்றனர். குவைத்தின் அப்துல்லா அல் ரஷீதி, 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றபோது அவருக்கு வயது 57. புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான், 2023 இல் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் தட்டுச் சுடுதலில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். அரச குடும்பங்களுக்கும் எண்ணெய் வள நாடுகளுக்கும் கட்டுப்படியாகும் விளையாட்டு என்று சிலர் முணுமுணுப்பது நமக்குக் கேட்கின்றது. விளையாட்டாக அது செலவு மிக்கதுதான். நாம் கேட்பதோ பதக்கத்தையன்று; பக்கத்து வயற்காரன் உயிரோடு வீடு திரும்புவதை.

இதனை இன்னொரு நாட்டிலே அல்லது இன்னொரு மாகாணத்திலே எழுதியிருந்தால் இத்துடன் நிறுத்தியிருப்போம். கிழக்கில் துவக்கு என்ற சொல்லுக்கு வேறு நினைவுகள் உண்டு. 1980 களில் வீடுகளில் இருந்த அனுமதி பெற்ற வேட்டைத் துவக்குகளை இயக்கங்கள் கொண்டுபோயின. பின்னர் ஊர்காவற்படையினருக்கு அரசாங்கம் சொட்கன் வழங்கியது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளின் பின் முஸ்லிம் கிராமங்களுக்கு அது தற்காப்பாகத் தோன்றியது; அயலிலிருந்த தமிழ்க் கிராமங்களுக்கோ அதே துவக்கு அச்சமாகத் தோன்றியது. கிளிவெட்டியை அண்டிய குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11 ஆம் திகதி 24 தமிழ்ப் பொதுமக்கள் படையினரால் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட முன்னாள் இராணுவத்தினர் ஆறு பேரை 2016 ஜூலையில் அநுராதபுரம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம் மக்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாயை நோக்கி ஓடினர். சம்பூரிலிருந்து பெயர்ந்த தமிழ் மக்கள் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் ஆண்டுக்கணக்கில் கிடந்தனர்.

இவ்வாறான மண்ணில் யாருக்குத் துவக்கு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் எண்ணப்படும். ஆகவேதான் பயிற்சி பற்றிய கேள்வி இங்கே இருமடங்கு முக்கியமாகின்றது. இரண்டு ஊர் விவசாயிகள் தனித்தனியே, ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் துவக்கு வாங்கி வைத்திருப்பது ஒன்று. அவ்விருவரும் பகல் வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்க, ஒரே மேட்டில் நின்று ஒரே தட்டைத் தவறவிட்டுப் பழகியிருப்பது முற்றிலும் வேறொன்று.

வெளிநாடுகளிலும் இதற்கு முன்மாதிரிகள் உள்ளன. டென்மார்க்கில் சொட்கன் கொண்டு வேட்டையாட விரும்புகின்றவர் பறக்கும் தட்டுகளைச் சுட்டுக் காட்டித் தேற வேண்டும். உடலில் ஈயக்குண்டுடன் பறந்து திரியும் காட்டு வாத்துகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து அதிர்ச்சியுற்ற அந்நாடு, 1997 இல் காயப்படுத்தலைக் குறைக்கும் திட்டமொன்றைத் தொடங்கியது. அதன்பின் காயமுற்ற பறவைகளின் விகிதம் குறைந்தது. அருகிலுள்ள கேரளம் 2022 இல் வேறொரு வழியைத் தேர்ந்தது. எல்லா விவசாயிகளுக்கும் துவக்கு கொடுக்காமல், அனுமதிப்பத்திரமுள்ள சுடுநரின் பட்டியலொன்றை வைத்து, ஊராட்சித் தலைவரின் உத்தரவின் பேரில் பன்றிகளைச் சுட ஏற்பாடு செய்தது. நமது கமக்காரர் அமைப்புகளுக்கு இது பொருத்தமான வழியென்றே நமக்குப் படுகின்றது. நாற்பது பேரிடம் நாற்பது துவக்குகள் இருப்பதைவிட, மூன்று சமூகத்திலிருந்தும் தேர்ந்த நால்வர் இருப்பது நல்லது.

யானை விடயத்தில் நமக்கு இரு கருத்தில்லை. 2023 இல் மட்டும் இந்நாட்டில் 480 க்கு மேற்பட்ட யானைகளும் 170 க்கு மேற்பட்ட மனிதர்களும் மாண்டனர். சொட்கன் யானையைக் கொல்லாது, புண்ணாக்கும். புண்பட்ட யானை சாவதற்கு முன் வீட்டுச் சுவரை உடைக்கும், ஆளை மிதிக்கும். அதற்கு வேலியும் வெடியும் வனஜீவராசிகள் திணைக்கள அதிகாரிகளும்தான் தேவை. கட்டுத்துவக்கு, பன்றிவெடி என்பவற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆள் யார், விலங்கு எது என்று அவை பார்ப்பதில்லை. சட்டபூர்வமான துவக்கு கிடைக்காதவரும், கிடைத்தும் சுடத் தெரியாதவரும் அவற்றிடமே போகின்றனர்.

அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிப்பவரிடம் காணி பற்றியும் நன்னடத்தை பற்றியும் கேட்கும்போது இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இருபத்தைந்து தட்டுகளில் எத்தனையை உடைத்தீர்? அத்துடன் இரவுக்கான பாடமும் தனியே வேண்டும். நெற்றி விளக்கின் ஒளிவட்டத்தில் முழு விலங்கும் தெரியாதவரை விசையைத் தொடாதிருத்தல், சத்தத்தை நோக்கிச் சுடாதிருத்தல், சுடுமுன் பின்னால் யார் இருக்கின்றார் என்று பார்த்தல் ஆகியவை தட்டு உடைப்பதைவிடக் கடினமான பாடங்கள்.

இதற்குப் பெரிய மைதானம் தேவையில்லை. அறுவடை முடிந்த தரிசில், முன்னால் 300 மீற்றருக்கு ஆள் நடமாட்டமில்லாத ஓரிடமும், வில்லுச்சுருளால் இயங்கும் கையெறி பொறியொன்றும், தட்டுப் பெட்டிகளும் போதும். கற்பிப்பதற்கு ஓய்வுபெற்ற பயிற்றுநர்கள் இருக்கின்றார்கள். ஆனால் சீருடையில் வரக்கூடாது. அந்த மேட்டில் சீருடையைக் கண்டால் குமாரபுரத்தார் வரமாட்டார்கள். மிஞ்சியிருப்பது தோட்டாவின் விலை. பன்றிக்கு ஒன்று சுடவே யோசிக்கின்ற விவசாயி, தட்டுக்கு நூறு சுடமாட்டார். யானை வெடியை அரசாங்கம் இலவசமாக வழங்குவதுபோல, பயிற்சித் தோட்டாவையும் கமநல சேவை நிலையங்களூடாக, எண்ணிக் கொடுத்து எண்ணி வெற்றுக்கூட்டைத் திருப்பி வாங்கும் முறையில் வழங்க வேண்டும். அடுத்த பெரும்போகக் கதிர் முற்றுவதற்கு முன் ஒரு பிரதேச செயலகப் பிரிவிலாவது இதனைச் செய்து பார்க்கலாம். மூதூர்ப் பிரிவு அதற்குத் தகுந்த இடம்.