படத்தின் ஓரத்தில் உள்ள பெயர்

மலையில் வாழ்பவர் கடற்கரைப் படங்களைச் சேர்ப்பதில் என்ன பொருத்தம் என்று சிலர் வினவக்கூடும். நானுஓயா கடல் மட்டத்துக்கு ஐயாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த ஊர்தான். எனினும், இம்மலைகளில் வாழும் தமிழருட் பெரும்பாலோரின் குடும்ப வரலாறு ஒரு கடற்கரையிலேயே தொடங்குகிறது. இராமநாதபுரத்துக் கரையில் தோணியேறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். ஆகவே, இலங்கைக் கரையோரங்களைக் காட்டும் பழைய கல்லச்சுப் படங்கள் நமக்கு அந்நியப் பொருள்கள் ஆகமாட்டா.

கல்லச்சு முறையை 1796 ஆம் ஆண்டளவில் பவேரியாவில் கண்டறிந்தவர் செனபெல்டர். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மிக்க மையினால் வரைந்து, கல்லை நீரால் நனைத்து, அச்சு மையை உருட்டுவார்கள். நனைந்த இடம் மையை ஏற்காது. வரைந்த இடம் ஏற்கும். எண்ணெயும் நீரும் கலவா என்னும் எளிய உண்மையே இதன் அடிப்படை. இரவிவர்மா 1894 இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்தின் இலக்குமி, சரசுவதி படங்களும் இவ்வாறு பிறந்தவையே. நம் பூசையறைகள் நெடுங்காலமாக அறிந்த கலை இது.

இத்தகைய படங்களில் காணப்படும் பெயர்கள் யாவும் ஒரே தன்மையின அல்ல. சில, கல்லிலேயே தலைகீழ் இடவலமாக எழுதப்பட்டுப் படத்தோடு அச்சானவை. சில, அச்சிட்ட பின்னர் ஓவியர் தம் கையால் பென்சிலில் இட்டவை. இவ்வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பரவியது. அதற்கு முற்பட்ட படத்தின் அடியில் பென்சிற் கையொப்பம் இருக்குமாயின், மகிழ்வதற்கு முன் ஐயுறுவதே அறிவுடைமை.

இரண்டு சான்றுகள் கூறுவேன். கப்டன் ஓபிரையன் இலங்கையில் வரைந்த பதினைந்து காட்சிகள் 1864 இல் இலண்டனில் டே அன் சன் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டன. அங்கே வரைந்த கை வேறு, கல்லில் ஏற்றிய கை வேறு. ஒஸ்திரிய நாட்டு ரான்சொனே என்பாரோ, 1864-65 இல் இங்கு வந்து, காலிக்கு அருகே இரும்புக் கூண்டொன்றில் அமர்ந்து கடலுக்கடியிற் சென்று பவளப் பாறைகளை வரைந்தார்; பின்னர்த் தாமே அவற்றைக் கல்லிலும் தீட்டி, 1867 இல் வியன்னாவில் நூலாக்கினார். இவ்வேறுபாட்டை நமக்கு உரைப்பவை படத்தின் ஓரத்தில் உள்ள சிறிய எழுத்துகளே. பெரும்பாலும் இடப்புறம் வரைந்தவர் பெயரும், வலப்புறம் கல்லில் ஏற்றியவர் பெயரும் காணப்படும்.

ஆனால், சட்டம் போடுபவர் கத்தி முதலில் தேடுவது இவ்வோரத்தையே. சட்டத்தின் அளவுக்குப் படம் வெட்டப்படுகிறது. பெயரும் ஊரும் ஆண்டும் குப்பைக்குப் போகின்றன. இதனினும் பெருந்தீங்கு, முழு நூலைப் பிரித்துப் படங்களைத் தனித்தனியே விற்பது. விளக்கவுரையை இழந்த படம் சுவருக்கு அணியாகலாம். வரலாற்றுக்குச் சான்றாதல் அரிது. ஓரம் வெட்டிய படத்தையும் நூலிலிருந்து கிழித்த படத்தையும் வாங்க மறுப்பதே சேகரிப்போரின் முதற் கடமை என்பது என் துணிபு.

உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், ஒரே ஒழுங்கில் அணிவகுத்த புள்ளிகள் அண்மைக்கால நகலைக் காட்டிக் கொடுத்துவிடும். மெய்யான கல்லச்சில் கல்லின் சொரசொரப்பே ஒழுங்கற்றுத் தெரியும். நம் மலைப்பகுதியின் பனியும் ஈரமும் தாளுக்குப் பகை. ஈரச் சுவரில் தொங்கவிடுதல், பசையால் அட்டையில் ஒட்டுதல், கண்ணாடியைத் தாளோடு தொடவிடுதல் ஆகியவை பூஞ்சணத்தையும் பழுப்புக் கறையையும் அழைப்பன. அசல் வாங்க வசதியில்லாதவர் வருந்த வேண்டியதில்லை. ஓரத்தோடு எடுத்த நல்ல நகலும், நகல் என்ற குறிப்போடு, மாணவருக்குப் போதுமானதே.

இனி, இப்படங்களில் இல்லாததையும் நாம் காணல் வேண்டும். ரான்சொனே காலிக் கடலுக்குள் பவளங்களை வரைந்த அதே ஆண்டுகளில், கோப்பித் தோட்டங்களுக்காகப் பல்லாயிரவர் மன்னார்க் கரையில் இறங்கிக்கொண்டிருந்தனர். வழியில் வாந்திபேதியால் மாண்டவரும் பலர். நான் கண்ட கல்லச்சுகளுள் அவ்விறங்குதுறைக் காட்சி ஒன்றேனும் இல்லை. ஓவியர்களுக்குக் கையொப்பம் இருந்தது. நம் முன்னோருட் பலருக்குக் கைநாட்டே இருந்தது.

ஆகையால் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். கரையோரப் படம் ஒன்றை வகுப்பில் வைத்து, வரைந்தவர் யார், கல்லில் ஏற்றியவர் யார், எந்த ஆண்டு, எந்தக் கரை என்று கேளுங்கள். அதன்பின், அந்த ஆண்டில் வரையப்படாத கரை எது என்றும் கேளுங்கள். மாணவர் தத்தம் வீட்டு முதியோரிடம் கேட்டு, ஊர்ப் பெயரும் இறங்கிய துறையும் எழுதி வரட்டும். ஓவியர் தீட்டாது விட்ட அக்கரையை அவ்வேடுகளே நமக்குக் காட்டவல்லன. அவற்றின் அடியில் எழுதிய மாணவரின் பெயரும், சொன்ன முதியவரின் பெயரும், ஆண்டும் தெளிவாக இருக்கட்டும்.